'ப்ரொக்யூர்' என்று எழுதியவளுக்கு

இன்று காலை ஒரு நர்ஸ் என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு நிற்காமல் போனாள். பி நெகட்டிவ் ரத்தம் இரண்டு யூனிட் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஆங்கிலத்தில் அச்சடித்த அந்த வரியின் நடுவில் உன் வார்த்தை உட்கார்ந்திருந்தது. ப்ரொக்யூர். நோயாளியின் உறவினர் ரத்தத்தை ப்ரொக்யூர் செய்து தர வேண்டுமாம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்து நிற்கவே இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் என்ன நினைத்தாளோ, பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினாள்.

ரம்யாவைத் தென்னூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். ஆமாம், நம் பெண் ரம்யாதான். அவளுக்கு இப்போது எட்டு மாதம் முடிந்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் சும்மா செக்கப்புக்கு என்றுதான் கிளம்பி வந்தோம். கால் வீங்கியிருந்தது, மோதிரம் விரலை விட்டுக் கழலவில்லை, தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாசமாக இருக்கிறவளுக்குக் கால் வீங்காதா என்று எல்லோரும் சொன்னார்கள். டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, முகத்தை மாற்றிக்கொள்ளாமல், "வீட்டுக்குப் போக வேண்டாம், இங்கயே இருங்க" என்றார். டாக்டர்கள் முகத்தை மாற்றிக்கொள்ளாமல் இருக்கும்போதுதான் நான் பயப்படுவேன். மத்தியானம் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்கிறார்களாம்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இருந்தாலும் என் கவலையை இறக்கி வைக்க உன்னை விட்டால் எனக்கு ஆள் கிடையாது. இவரிடம் சொல்ல முடியாது. என் எதிரில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், காலையிலிருந்து பக்கத்தைத் திருப்பவில்லை. அதனால் போனில் ஒற்றை விரலால் தட்டி உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கவலை என்பது மூக்குக்கண்ணாடி மாதிரி என்று நீதான் சொல்வாய். அதைப் போட்டுக்கொண்டால்தான் எனக்கு எதிரில் இருப்பது தெரியுமாம்.

அந்த வார்த்தை உனக்கு எப்படி ஒட்டிக்கொண்டது என்று யோசித்துப் பார்க்கிறேன். கைலாசபுரத்துக்குப் பக்கத்தில், பெரிய தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் அந்தச் சின்னக் கம்பெனியில், கொள்முதல் பிரிவு என்றால் நாம் இரண்டு பேரும் ஒரு சீலிங் ஃபேனும்தான். நீ ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவாய், நான் டைப் அடிப்பேன். இரும்புத் தகடு, வால்வு, போல்ட்டு, வெல்டிங் குச்சி எல்லாமே உன் பேனாவில் ப்ரொக்யூர்தான். அது போதாதென்று காபிக்கும் அதே வார்த்தை. "ஏண்டி, ரெண்டு காபி ப்ரொக்யூர் பண்ணிண்டு வாயேன்" என்று கேன்டீன் பக்கம் கையைக் காட்டுவாய். உன் அண்ணா உனக்கு வரன் பார்த்து அலைந்த நாட்களில், "எங்காத்துல ப்ரொக்யூர்மென்ட் மும்முரமா நடந்துண்டிருக்கு, சரக்குதான் ஒண்ணும் தேறலை" என்று நீயே கிண்டல் செய்துகொண்டாய். கடைசி வரை ஒன்றும் தேறவில்லை. நீ அதற்காக வருத்தப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் மேனேஜர் உன் கடிதத்தில் அதை அடித்துவிட்டு, வாங்குவதற்கு எல்லோரும் எழுதும் 'பை' என்று திருத்திவிட்டார். அன்று முழுக்க உனக்கு முகம் சரியில்லை. ஸ்ரீரங்கம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாகக் கூண்டில் ஏற்றினாய். "பைங்கறது யாரு வேணா பண்ணலாம், காசு குடுத்தா ஆச்சு. அப்டெய்ன்னா மனுப் போட்டுப் பெறறது. பர்மிஷன், சர்டிஃபிகேட்டு அந்த மாதிரி. அக்வயர்னா சர்க்கார் நிலத்தை எடுத்துக்கறது, இல்லேன்னா கெட்ட பழக்கம் வந்து ஒட்டிக்கறது. ப்ரொக்யூர் அப்படி இல்லடி. லேசுல கிடைக்காததை, அலைஞ்சு திரிஞ்சு, நாலு பேர் காலைப் பிடிச்சு, இன்னொருத்தருக்காகக் கொண்டு வந்து சேர்க்கறது. நாம பண்றது அதுதானே? நம்மாத்துக்கா வால்வு கேக்கறோம்?" நான் திருவானைக்காவலில் இறங்கும் வரை நீ அடங்கவில்லை.

எனக்கு அப்போது அதெல்லாம் மனசில் நிற்கவில்லை. கல்யாணமாகி ஒன்பதாவது வருஷம். சரக்கு வந்து இறங்கினால் சீட்டில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. வெளியே போனால் எனக்குப் 'பெறாதவள்' என்று பெயர். ஒரே வார்த்தை. ஒரு நாளில் எத்தனையோ முறை பெற்றுக்கொண்டேன் என்று எழுதிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போனால், யாராவது ஒரு உறவுக்காரி பூ வைக்கும்போது என்னைத் தாண்டிக்கொண்டு போவாள். இதை உன்னிடம் ஒரே ஒரு முறை சொன்னேன்.  அடுத்த நாளிலிருந்து அந்தச் சீட்டுகளில் நீயே கையெழுத்துப் போட ஆரம்பித்தாய்.

மாப்பிள்ளை போன் செய்தார். தில்லைநகரில் ஒரு யூனிட் கிடைத்துவிட்டது. இன்னொன்றுக்கு வேறு இடத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறார். என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் காலையிலேயே கையை நீட்டினேன். ஓ பாசிட்டிவ். "உங்களுது அவங்களுக்குச் சேராதும்மா" என்றாள் அந்த நர்ஸ். ரத்தத்தைப் பற்றித்தான் சொன்னாள், எனக்கு அது தெரியாதா? ஆனால் என் காதுக்கு வேறு மாதிரி கேட்டது.

தத்து எடுக்கலாம் என்று நானும் இவரும் முடிவு செய்தபோது, பாலக்கரைப் பக்கத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. ஆங்கிலம் என்றால் நீதானே. மத்தியான சாப்பாட்டு வேளையில் தயிர்சாத டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு எழுதினாய். உனக்கு ஒரு சட்டம் உண்டு, ஒரு கடிதத்தில் ஒரே வார்த்தை இரண்டு முறை வந்தால் எழுதினவளுக்கு வேறு வார்த்தை தெரியாது என்று அர்த்தம். அதனால் முதல் பத்தியில் அடாப்ட் என்று எழுதினாய். இரண்டாவது பத்தியில் அதை எப்படி மறுபடி எழுதுவது? தங்கள் நல்லெண்ண உதவியால் ஒரு பெண் குழந்தையை ப்ரொக்யூர் செய்ய விரும்புகிறோம் என்று எழுதினாய். நான் அதைத் தப்பில்லாமல் டைப் அடித்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "எவ்வளவு கம்பீரமா இருக்கு பாரு" என்று என் தோளில் தட்டினாய்.

அந்த இல்லத்தின் தலைமைச் சகோதரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு படித்தார். எதிரில் பெஞ்சில் நான், இவர், நீ.

"இத யாரு எழுதினது?"

"நான்தான்" என்றாய். உன் குரலில் அத்தனை பெருமை.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"பர்ச்சேஸ்."

"அதான பாத்தேன்." அவர் கடிதத்தை மேஜைமேல் வைத்தார். "இங்கிலீஷ் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த ஒரு வார்த்தை. பொண்ணுங்களத் தப்பான காரியத்துக்குக் கூட்டிக் குடுக்கிறாங்க பாருங்க, கோர்ட்டுல அந்தக் குத்தத்துக்கு இந்த வார்த்தைதாங்க. நீங்க அதுக்குப் பக்கத்துலயே பெண் குழந்தைன்னும் போட்டிருக்கீங்க. இந்தக் காகிதம் ஜட்ஜு கைக்குப் போகணும்."

 இவர் எழுந்து நின்றுவிட்டார், எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. உன் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். "உங்க மேல சந்தேகம் ஒண்ணும் இல்ல. வேற எழுதிட்டு வாங்க" என்றார் சகோதரி. அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது. அந்த வீட்டுக்குள் எங்கோ ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அதுதான் எனக்கு வர இருந்த குழந்தை, இந்த ஒரு வார்த்தையால் அது வேறு யாரிடமோ போகப்போகிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். அங்கே காபி குடிக்கும் இடத்தில், டவராவைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "இத்தனை வருஷம் அந்த வார்த்தையோட குடித்தனம் பண்ணியிருக்கேன். அதுக்கு இப்படி ஒரு புத்தி உண்டுன்னு ஒருத்தரும் சொல்லலையேடி." அப்புறம் நீ அழுதாய். நீ அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். உன் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயம் இருந்த இடத்தில் கோபத்துக்கு இடமில்லை.

அந்த வாரக் கடைசியில் லீவு போட்டுவிட்டு லைப்ரரிக்குப் போனாயாம். திங்கட்கிழமை, நீ வந்த வேகத்தைப் பார்த்து வாட்ச்மேனே வழி விட்டான். "கேளுடி. பெரிய அகராதியில பார்த்தேன். லத்தீன்ல அதோட வேர் என்ன தெரியுமோ? ஒருத்தருக்காகக் கவலைப்படறது. ஒருத்தர் சார்பா, அவாளுக்குப் பதிலா, நாம பார்த்துக்கறது, நாம கவலைப்படறது. அதுதான் அந்த வார்த்தை. நடுவுல எவனோ கெடுத்துட்டான்." திருத்திய விண்ணப்பத்தை நான் கையில் வைத்திருந்தேன். எல்லா இடத்திலும் அடாப்ட், அடாப்ட் என்று ஒரே வார்த்தை வரிக்கு வரி வந்தது, உனக்கு அது கசந்தது. இருந்தாலும் அதை எடுத்துக்கொண்டு நாம் பாலக்கரைக்குப் போனோம். சகோதரி கையெழுத்தைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது, நான் உன் காலை மிதித்தும் கேட்காமல், அவரிடம் அந்த லத்தீனைச் சொன்னாய்.

அவர் சிரித்துவிட்டார். "அது எனக்குத் தெரியும்மா, நாங்க லத்தீன்ல பாட்டுப் பாடுறவங்க. கவலைப்படுறவங்களாப் பாத்துத்தான் நாங்களும் பிள்ளையக் குடுக்குறோம்."

"அப்படீன்னா இவளுக்கு ஒரு டஜன் குடுக்கணும்" என்று என்னைக் காட்டினாய்.

அதன்பிறகு வீட்டைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள், டாக்டர் பரிசோதித்தார், கோர்ட்டுக்குப் போனோம். கோர்ட்டு வராண்டாவில் எங்கள் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்னால் எனக்குத் தலை சுற்றிக் கண் இருட்டிக்கொண்டு வந்து, பிரஷர் எகிறியது, நீ ஃபைலாலேயே விசிறினாய், யாரோ ஒரு வக்கீல் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். "இதுதாண்டி உனக்குப் பிரசவ வலி" என்றாய். ரம்யா வளர்ந்த பிறகு, மாமி மாமி என்று உன்னைச் சுற்றி வந்து, அந்தக் கதையை எத்தனை தடவை கேட்டிருப்பாள். நாங்கள் அவளிடம் எதையும் மறைத்ததில்லை. தான் எப்படி வந்தோம் என்பதை அவள் வேறு குழந்தைகள் ராஜா கதை கேட்பது மாதிரி கேட்பாள், நீயும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வாய்.

அவளை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. ஆட்டோவின் பின் சீட்டில் நானும் நீயும், என் மடியில் துணிச் சுருளுக்குள் அவள். குழந்தை சத்தமே போடாமல் இருந்ததால் நான் நிமிஷத்துக்கு ஒரு தரம் அவள் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஆட்டோவிலிருந்து தலையை வெளியே நீட்டி முன்னால் நின்ற லாரிக்காரரைப் பார்த்து, "வழி விடுங்கோ! எழுந்தருளப் பண்ணிண்டு வரோம்!" என்று கத்தினாய். உங்கள் ஸ்ரீரங்கத்தில் பெருமாளைத் தூக்கி வருகிறோம், கொண்டு வருகிறோம் என்று வாய் தவறியும் சொல்ல மாட்டீர்கள், எழுந்தருளப் பண்ணுகிறோம் என்றுதான் சொல்வீர்கள். அந்த லாரிக்காரருக்கு என்ன புரிந்ததோ, வண்டியை ஓரம் கட்டினார். இவர் முன் சீட்டில் டிரைவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இவ்வளவு நேரம் அதைச் சுற்றித்தான் வந்துகொண்டிருக்கிறேன்.

இன்று காலை டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். இளம் வயது, மரியாதையான பெண். ரம்யாவின் ஃபைலைப் புரட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அம்மா நீங்கதானே? உங்களுக்குப் பிரசவத்தப்போ இந்த மாதிரி பிரஷர் ஏறுச்சா? ஃபிட்ஸ் ஏதாவது வந்துச்சா? சில குடும்பத்துல அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் வரும், அதான் கேக்குறேன்."

 ரம்யா முந்திக்கொண்டாள். "எங்கம்மாவுக்குப் பிரஷர் ஏறுச்சு டாக்டர். ஆனா கோர்ட்டு வராண்டாவுல." டாக்டர் விழித்தார். "நான் தத்துப் பிள்ளை. என்னைப் பெத்தவங்களப் பத்தி இவங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது." அந்த வீங்கின முகத்தோடு சிரித்துக்கொண்டே சொன்னாள். உன் வளர்ப்புத்தான் அது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறதா, குழந்தையை என்னிடம் ஒப்படைத்த அன்று சகோதரி ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "அம்மா இல்லம்மா." அவ்வளவுதான். இல்லை என்றால் எந்த இல்லை? விட்டுவிட்டுப் போய்விட்டாளா, உயிரோடு இல்லையா? நான் கேட்க வாயெடுத்தேன். நீ என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாய். வெளியே வந்ததும் சொன்னாய், "கேக்காதே. கேட்டா பதில் வரும். வந்த பதிலை எங்கே வெச்சுப்பே?" அது சரி என்றுதான் எனக்கும் பட்டது. இத்தனை வருஷமும் அந்தப் பெண்ணை நான் 'இல்லை' என்ற அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே வைத்திருந்தேன். அவள் எங்கேயோ சௌக்கியமாக இருப்பதாகச் சில நாள் நினைத்துக்கொள்வேன், அப்படி நினைத்தால் ஒரு நாள் வந்து கேட்டுவிடுவாளோ என்று பயமாக இருக்கும். அதனால் சில நாள் அவள் போய்விட்டதாக நினைத்துக்கொள்வேன். அப்போது பாவமாக இருக்கும். என் வசதிக்கு அவளை உயிரோடும் செத்தும் வைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலைதான், அவள் ரம்யாவைப் பெற்ற இடத்திலேயே, இதே மாதிரி பிரஷர் ஏறி ஃபிட்ஸ் வந்து உயிர் போயிருந்தால் என்று முதல் தடவையாக நினைத்தேன். 

இல்லை என்ற சொல் எனக்கு இதற்கு முன்னாலும் ஒரு முறை இப்படிச் செய்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள், ரம்யாவுக்கு வரன் அமைந்த செய்தியைச் சொல்ல உன் நம்பருக்கு அடித்தேன். உன் அண்ணா பெண் போனை எடுத்தாள். "அத்தை இல்ல மாமி" என்றாள். "எங்க போயிருக்கா? பெருமாள் சேவிக்கவா? வந்ததும் எனக்கு உடனே பேசச் சொல்லும்மா, நல்ல சேதி" என்றேன்.  "மாமி, அத்தை விடியக்காலம் பெருமாள் திருவடி சேந்துட்டா" என்றாள். நான் அப்போதும் சரி சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இன்று காலை, ரம்யா அப்படிச் சொன்ன பிறகும் டாக்டர் நகரவில்லை. நான் அவரிடம், "நான் பெறலைங்க டாக்டர். அந்தம்மாவப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. இறந்துட்டாங்களோ என்னமோ. அது பிரசவத்துலதானான்னும் தெரியாது" என்றேன். 

"பரவாயில்லம்மா" என்றார். "தெரியாதுன்னா, அவங்களுக்கு இருந்துச்சுன்னே நாங்க வச்சுக்கிட்டுத்தான் பாப்போம். இன்னும் ஜாக்கிரதையாப் பாப்போம்." அவர் போனதும் ரம்யா என் கையைத் தேடினாள். சிரிப்பெல்லாம் போயிருந்தது.

"அம்மா. அவங்க என்னைப் பெத்தப்பதான் செத்தாங்களா?"

"தெரியலடா கண்ணு."

"மாமிக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"அவளுக்கும் தெரியாது."

என் கையை நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டாள். "எனக்குப் பயமா இருக்கும்மா" என்றாள். எனக்கும்தான் என்று சொல்லக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் சொல்லிவிட்டேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. நீ இருந்திருந்தால் ஏதாவது குதர்க்கமாகச் சொல்லி எங்கள் இரண்டு பேரையும் சிரிக்க வைத்திருப்பாய். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. சும்மா அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது யூனிட்டும் கிடைத்துவிட்டது. மாப்பிள்ளையின் ஆபீஸில் வேலை பார்ப்பவரின் மனைவி, ஸ்ரீரங்கத்துப் பெண், செய்தி கேட்டுத் தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வந்து ரத்தத்துக்கான அந்தச் சீட்டைக் கேட்டார், கொடுத்துவிட்டேன். இப்போது ஸ்ட்ரெச்சர் வந்திருக்கிறது. அப்புறம் எழுதுகிறேன்.

*

மறுநாள் எழுதுகிறேன். பெண் குழந்தை.

நேற்று ஆபரேஷன் தியேட்டர் கதவு திறப்பதற்குள் எனக்கு என்னென்ன தோன்றியது என்று எழுதினால் நீயே அங்கிருந்து எழுந்து வந்து என்னை அடிப்பாய். கதவுக்குப் பின்னால் யாரோ வேகமாக நடந்தால் போச்சு என்று நினைத்தேன். நடக்காவிட்டாலும் போச்சு என்று நினைத்தேன். இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார், காது கொடுத்துக் கேட்டால் ரம்யாவுக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்த வாய்ப்பாடு.

கதவு திறந்தது. நர்ஸ் ஒரு பச்சைத் துணிச் சுருளோடு வந்து, "ரம்யா அம்மா யாருங்க?" என்றாள். நான் எழுந்தேன். "பொண்ணு. எடை கொஞ்சம் கம்மி, மத்தபடி நல்லாருக்கு. இந்தாங்க, வாங்கிக்கோங்க" என்றாள். நான் கையை நீட்டவே இல்லை. நீட்ட வேண்டும் என்பது மறந்துபோய்விட்டது. "அம்மா, வாங்கிக்கோங்கம்மா, கை வலிக்குது" என்றாள். எத்தனை வருஷம் எத்தனை ஆங்கில வார்த்தையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். இந்த ஊரில் பிறக்கிற எல்லாப் பிள்ளைக்கும் நர்ஸுகள் சொல்வது இந்த ஒரு சொல்தான், அதில் யாருக்கும் ஒரு குழப்பமும் இல்லை. நான் வாங்கிக்கொண்டேன்.

ரம்யா கண் விழித்துவிட்டாள். ஆனால் பிரஷர் இன்னும் முழுசாக இறங்கவில்லை. பிரசவத்துக்கு அப்புறமும் ஃபிட்ஸ் வரலாம், இரண்டு மூன்று நாள் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். அதனால் நான் கவலையைக் கழற்றி வைக்கவில்லை. இன்று காலை ஐந்து நிமிஷம் உள்ளே போய்ப் பார்க்க விட்டார்கள். உதடு வெடித்துப்போய், கையில் ஊசியோடு படுத்திருந்தாள். குழந்தையைக் காட்டினேன், கண்ணாலேயே தொட்டாள். அப்புறம் குரலே இல்லாமல் என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா, எனக்குப் பிரஷர் எவ்வளவு போச்சு, எத்தனாவது வாரம், என்ன மருந்து குடுத்தாங்க, எல்லாத்தையும் டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கோ."

"இப்ப எதுக்குடா அதெல்லாம்? தூங்கு."

"ஒரு நாள் இவளைக் கேப்பாங்கல்ல. உங்கம்மாவுக்கு எப்படி இருந்துச்சுன்னு."

நான் வெளியே வந்து டாக்டரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார், சொன்னதை நானும் இரண்டு முறை திருப்பிச் சொல்லி ஒப்பித்தேன். நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து. முப்பத்தாறாவது வாரம். மெக்னீசியம் ஊசி. ஃபிட்ஸ் வரவில்லை. காலையிலிருந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவள் காதில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.